பெயர் மறைந்தால் பண்பும் மறையுமா?

இரவு பதினொரு மணி இருக்கும். டெலிகிராமில் ஓர் ஆன்மிகக் குழு. ஏறக்குறைய 600 உறுப்பினர்கள். யாருடைய தொலைபேசி எண்ணும் யாருக்கும் தெரியாது. பாதிப் பேரின் முகப்புப் படம் வேல், தாமரை, விளக்கு. பெயர்களும் அப்படித்தான்: ‘மெய்த்தேடல்’, ‘அடியார்க்கு அடியான்’, ‘ஞானப்பாதை’.

ஓர் அம்மா கேள்வி ஒன்றைப் பதிவிட்டார். “கணவர் தவறி மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் சாமி விளக்கு ஏற்றக்கூடாது, ஒரு வருடம் போகட்டும் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.”

முதல் பதில் அரை நிமிடத்தில் வந்தது. “இதுகூடத் தெரியாமல் ஆன்மிகக் குழுவில் என்ன செய்கிறீர்கள்?” இரண்டாவது பதில், முதல் பதிலை எழுதியவரைத் திட்டியது. மூன்றாவது பதில் இது: “விளக்கு எரிய உயிர்வளி போதும்மா. ஊர் அனுமதி தேவையில்லை.” பக்கத்தில் மூன்று சிரிப்பு ஈமோஜிகள். அந்தப் பதிலுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட விருப்பக் குறிகள் விழுந்தன.

அதன்பிறகு சைவம், வைணவம், ஆகமம், குலதெய்வ வழிபாடு என்று எங்கெங்கோ சண்டை போனது. “மடையன்”, “போலிச் சாமியார்” என்ற சொற்களெல்லாம் வந்தன. அந்த அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை யாரும் பதில் சொல்லவில்லை. நள்ளிரவுக்குள் அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மூன்றாவது பதிலை எழுதியது நான்தான்.

பகலில் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் போதிக்கிறேன். இணையப் பகடிவதை கூடாது என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா என் எதிரே நின்று கேட்டிருந்தால், நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அப்படியானால் அந்த இரவில் என்ன மாறியது? ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் கேட்கும் அதே கேள்விதான் இதுவும்: விளைவை மாற்றிய மாறி எது?

உளவியல் அறிவியல் இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. அதன் விடை நாம் நினைப்பது போல அவ்வளவு எளிதானது அல்ல, வாசகர்களே.

இனிப்புக் கிண்ணமும் 1,300 பிள்ளைகளும்

“முகம் மறைந்தால் மனிதன் கெட்டுப்போவான்” என்பது பழைய நம்பிக்கை. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ, அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் மோதிரம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைக் கண்டெடுத்த ஓர் ஆட்டிடையன், அரசனையே கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான் என்று அந்தக் கதை போகிறது.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ. 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் பல்கலைக்கழக மாணவிகளில் ஒரு பிரிவினர் உடலையும் தலையையும் மூடும் பெரிய அங்கிகளை அணிந்திருந்தார்கள். இன்னொரு பிரிவினர் சொந்த உடையில், பெயர் அட்டையோடு இருந்தார்கள். வேறொரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி இரு பிரிவினரிடமும் சொல்லப்பட்டது. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அந்தப் பெண் வலிப்பது போல நடித்தார். முகம் மறைந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்தினார்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்த சோதனை இன்னும் சுவையானது. மேல்நாடுகளில் அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் கொண்டாட்டம் நடக்கும். பிள்ளைகள் மாறுவேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்று இனிப்பு கேட்பார்கள். எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 27 வீடுகளில் இதையே சோதனையாக்கினார்கள். ஆய்வு முடிவுகள் 1976இல் வெளிவந்தன. கலந்துகொண்ட பிள்ளைகள் 1,300க்கும் மேற்பட்டவர்கள். தாங்கள் சோதிக்கப்படுவது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டில் இருந்த பெண், “ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். மறைவிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். சில பிள்ளைகளிடம் மட்டும் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டன. சிலர் தனியாக வந்தார்கள். சிலர் கூட்டமாக வந்தார்கள். ஆக, இங்கே இரண்டு தற்சார்பு மாறிகள்: பெயர், கூட்டம். சார்பு மாறி, சொன்னதைவிட அதிகமாக எடுத்த பிள்ளைகளின் விழுக்காடு.

பெயர் சொல்லித் தனியாக வந்தவர்களில் 8 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே கூடுதலாக எடுத்தார்கள். பெயர் சொன்னாலும் கூட்டமாக வந்தவர்களில் சுமார் 21 விழுக்காடு. பெயர் சொல்லாமல் தனியாக வந்தவர்களிலும் சுமார் 21 விழுக்காடு. பெயரும் சொல்லாமல், கூட்டமாகவும் வந்தவர்களில் சுமார் 57 விழுக்காடு.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். பெயர் மறைவது தனியாகச் செய்த கெடுதலும், கூட்டம் தனியாகச் செய்த கெடுதலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டும் சேர்ந்தபோதுதான் விளைவு பாய்ந்து ஏறியது. வேதியியலில் இரண்டு பொருள்கள் தனித்தனியே மெதுவாக வினைபுரிந்து, சேரும்போது கொதிப்பதை ஒத்தது இது. இணையக் குழு என்பது என்ன? பெயர் மறைந்தவர்களின் கூட்டம். அதாவது, இந்தச் சோதனையின் நான்காவது பிரிவு.

ஆடை சொன்ன செய்தி

இத்தோடு கதை முடிந்திருந்தால், “பெயரை மறைக்காதே” என்று ஒரு வரியில் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் 1979இல் ராபர்ட் ஜான்சன், லெஸ்லி டவுனிங் ஆகிய இருவர் ஒரு கேள்வி எழுப்பினார்கள். சிம்பார்டோவின் சோதனையில் மாணவிகள் அணிந்திருந்த அங்கி, அமெரிக்காவின் இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளான் உடையை நினைவூட்டியதே! அவர்களைக் கொடுமைக்காரர்களாக்கியது பெயர் மறைப்பா, அந்த உடையா?

அவர்கள் இரண்டு வகை உடைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்தக் கும்பலின் உடை போன்ற அங்கி. இன்னொரு பிரிவுக்குத் தாதியர் சீருடை. மின்னதிர்ச்சியைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம் என்று சொல்லப்பட்டது. அங்கி அணிந்தவர்கள் கூட்டும் பக்கம் சாய்ந்தார்கள். தாதியர் சீருடை அணிந்தவர்களோ, பெயர் மறைந்திருந்தபோது அதிர்ச்சியை முன்னைவிட அதிகமாகக் *குறைத்தார்கள்*. அதாவது, பெயர் மறைந்ததால் அவர்கள் மேலும் கனிவானவர்களாக மாறினார்கள்!

இதற்கு விளக்கம் தந்தவர்கள் ஸ்டீபன் ரைக்கர், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ், டாம் போஸ்ட்மெஸ் ஆகிய ஆய்வாளர்கள். பெயர் மறையும்போது மனிதன் தன்னை இழப்பதில்லை; தன்னை வேறொருவராகப் பார்க்கத் தொடங்குகிறான் என்பது அவர்கள் கருத்து. “நான் இன்னார் மகன், இன்ன பள்ளி ஆசிரியர்” என்ற தனி அடையாளம் பின்னுக்குப் போகிறது. “நான் இந்தக் குழுவைச் சேர்ந்தவன்” என்ற குழு அடையாளம் முன்னுக்கு வருகிறது. பிறகு அந்தக் குழுவில் எது வழக்கமோ, அதைச் செய்கிறோம். 1998இல் போஸ்ட்மெசும் ஸ்பியர்சும் 60 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பெயர் மறைந்தவர்கள் கட்டுப்பாடு இழந்து வெறிகொள்கிறார்கள் என்ற பழைய கோட்பாட்டுக்கு அவற்றில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தந்தச் சூழலின் வழக்கத்தை அவர்கள் கூடுதலாகப் பின்பற்றுகிறார்கள் என்பதே தெரிந்தது.

என் இரவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். அந்தக் குழுவில் வழக்கம் என்ன? குத்தலாகப் பதில் சொல்பவருக்கு விருப்பக் குறி விழும். பொறுமையாக விளக்குபவரை யாரும் கவனிப்பதில்லை. நான் அந்தச் சீருடையை அணிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

கண்கள் இல்லாத உரையாடல்

பெயர், கூட்டம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோம் லப்பிடோட்-லெஃப்லர், அசி பராக் ஆகியோர் 2012இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். 142 பேரை இருவர் இருவராகக் கணினி வழி உரையாட வைத்தார்கள். உயிர் காக்கும் மருந்து ஒன்றுதான் இருக்கிறது. அது யாருக்கு வேண்டியவருக்குப் போக வேண்டும் என்று இருவரும் வாதாட வேண்டும். சிலருக்கு எதிராளியின் பெயர் விவரம் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலர் ஒருவரையொருவர் பார்க்க முடியும், சிலரால் முடியாது. சிலருக்கு மட்டும் கேமராக்கள் கண்ணோடு கண் பார்க்கும்படி பொருத்தப்பட்டிருந்தன.

சுடுசொல்லுக்கும் மிரட்டலுக்கும் முதன்மைக் காரணமாக அமைந்தது பெயர் தெரியாமை அல்ல. கண்ணைப் பார்க்க முடியாமைதான்.

இது நமக்கு அனுபவத்தில் தெரிந்ததே. நேரில் பேசும்போது எதிரே இருப்பவரின் கண் கலங்கினால் நம் நாக்கு தானாக நின்றுவிடும். திரையில் அந்தத் தடை கிடையாது. நாம் எழுதுவது ஓர் எழுத்துப் பெட்டிக்கு. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பதை மூளை எளிதில் மறந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்தில் குரல் இல்லை. 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் சிலரை மின்னஞ்சல் எழுதச் சொன்னார்கள். சில வாக்கியங்கள் உண்மையாகச் சொல்வது, சில கிண்டல். படிப்பவர் எது கிண்டல் என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்பதில் எழுதியவர்களுக்கு மிகுந்த நம்பிக்கை. ஆனால் படித்தவர்கள் காசு சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே மேலாகத்தான் கணித்தார்கள். எழுதும்போது நம் மனதுக்குள் நம் குரல் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. அவர் தன் மனநிலைக்கு ஏற்ற குரலைப் போட்டுக்கொள்கிறார். “வேடிக்கையாகத்தான் சொன்னேன்” என்று நாம் சமாதானம் சொல்வோம். துக்கத்தில் இருப்பவர் காதில் அது வேடிக்கையாக விழாது.

இறைவனைப் பற்றிப் பேசும் இடத்திலா?

“சரி, அரசியல் குழுவில் சண்டை வந்தால் புரிகிறது. அன்பையும் அடக்கத்தையும் பேசும் ஆன்மிகக் குழுவில் எப்படி?” என்று நீங்கள் கேட்கலாம்.

இது இணையம் கொண்டுவந்த நோய் அல்ல. வள்ளலாரின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் நூலாக வந்தன. அவற்றை ‘அருட்பா’ என்று அழைக்கலாமா என்று பெரிய சர்ச்சை மூண்டது. ஒருவரையொருவர் சாடிக் கண்டன நூல்கள் அச்சாயின. விவகாரம் 1869இல் நீதிமன்றப் படி ஏறியது. வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் மறைந்த பிறகும் அந்தச் சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை. எழுதியவர் வேறு, அட்டையில் இருந்த பெயர் வேறு என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் நூல்களும் அவற்றில் உண்டு. ஆக, புனைபெயரில் சமயச் சண்டை போடுவதற்குக் கைப்பேசி தேவைப்படவில்லை. அச்சு இயந்திரமே போதுமானதாக இருந்தது.

இதற்கு உளவியல் தரும் காரணம் ஒன்று உண்டு. சில கருத்துகள் நமக்கு விருப்பம் சார்ந்தவை. தேநீரில் சீனி வேண்டுமா, வேண்டாமா என்பது போல. சில கருத்துகள் நமக்குச் சரி, தவறு சார்ந்தவை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஸ்கிட்காவும் சக ஆய்வாளர்களும் 2005இல் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். அறம் சார்ந்த உறுதியோடு பிடித்திருக்கும் ஒரு கருத்தில் எதிர் நிலையில் இருப்பவரைச் சந்திக்கப் போகிறோம் என்று தெரிந்தால், மக்கள் தங்கள் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கருத்து வேறுபாடு உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது, நல்லெண்ணமும் ஒத்துழைப்பும் குறைந்தன. “இது என் விருப்பம்” என்பவரோடு பேசலாம். “இதுதான் உண்மை” என்பவரோடு பேசுவது கடினம். ஆன்மிகம் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் சேர்கிறது.

சமய சிந்தனையில் இருப்பது மட்டுமே நம்மைக் கனிவானவர்களாக்கிவிடாது என்பதற்கும் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் 1973இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமயக் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய ‘நல்ல சமாரியன்’ பற்றிய விவிலியக் கதை. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகினார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

“நேரம் இருக்கிறது” என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். “தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்” என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. கருணையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. அவசரம்தான் ஏற்படுத்தியது. அந்த அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் அரை நிமிடத்தில் வந்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கட்டாயமாக்கினால் தீருமா?

இதைத் தென்கொரியா செய்து பார்த்தது. 2007 முதல் பெரிய இணையத்தளங்களில் கருத்து எழுத விரும்புவோர் தங்கள் உண்மையான அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. வசைகள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனால் திரட்டி வைக்கப்பட்ட விவரங்கள் திருடர்களுக்குப் புதையலாயின. 2011இல் நடந்த ஓர் ஊடுருவலில் ஏறக்குறைய 3 கோடியே 50 லட்சம் பயனர்களின் விவரங்கள் களவு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது.

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஜெர்மானிய இணைய மனுத் தளம் ஒன்றில் எழுதப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை அவர்கள் அலசினார்கள். தங்கள் உண்மைப் பெயரில் எழுதியவர்களே அதிகக் கடுமையாக எழுதியிருந்தார்கள். தான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நம்புபவருக்குப் பெயரை மறைக்கும் தேவை இல்லை. நான்கு பேர் பார்க்க வேண்டும் என்றே அவர் விரும்புகிறார். நம் முகநூல் பக்கங்களைப் பார்த்தாலே இது தெரியும்.

அதோடு, பெயர் மறைப்பு பலருக்கு ஒரு பாதுகாப்பு. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம், பெயரிலேயே அதை வைத்திருக்கிறது. பெயர் வெளிப்படாமைதான் தங்கள் மரபுகளுக்கெல்லாம் ஆன்மிக அடித்தளம் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மறைவது முழுப்பெயர் மட்டுமே. முகம் மறைவதில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பது அங்கே வழக்கம். அதே பெயர் மறைப்பு, வேறு சீருடை!

நம் சித்தர்களையும் நினைத்துப் பாருங்கள். பாம்பாட்டி, அழுகணி, குதம்பை என்று நாம் அழைப்பதெல்லாம் அவர்களுடைய பாடல்களை வைத்து ஏற்பட்ட பெயர்கள்தாம். இயற்பெயர் தெரியாமலே அவர்கள் இன்றும் நிலைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவும் பெயர் மறைந்திருந்ததால்தான் தன் துக்கத்தைச் சொல்ல முடிந்தது. தாமானில் தெரிந்தவர்களிடம் கேட்டிருந்தால் ஊர் வாய்க்கு அஞ்சியிருப்பார். முகமூடியைத் தடைசெய்தால் முதலில் வாய் மூடுபவர்கள் அவரைப் போன்றவர்களே.

இதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் 233ஆவது பிரிவு உண்டு. பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் குற்றவியல் சட்டத்தில் நடப்புக்கு வந்தன. சிங்கப்பூரின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி, இணையக் காலத்துக்கு ஏற்ப 2019இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் ஒரு நல்ல அம்சம்: பிற சமயத்தைப் புண்படுத்தியவர், பாதிக்கப்பட்ட சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டு உறவைச் சீர்செய்யவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். புனைபெயர் அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் நம்மை மறைக்கும்; விசாரணை அதிகாரிகளிடமிருந்து மறைக்காது. ஆயினும், ஒவ்வொரு குத்தல் பேச்சுக்கும் போலீஸ் புகார் செய்ய முடியாது. பெரும்பகுதி வேலை நம் கையில்தான் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஐந்து பாடங்களைச் சொல்கிறேன். இந்தச் சோதனைகளில் பல மேல்நாட்டு மாணவர்களையும் பிள்ளைகளையும் வைத்து நடந்தவை. எண்கள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை பயனுள்ளது.

முதலாவது, முதல் பதிலைக் கவனியுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனை நடத்தினார்கள். நல்ல மனநிலையில், நல்ல கருத்துகளைப் படித்துவிட்டு எழுதியவர்களில் 35 விழுக்காட்டினர் சீண்டலாக எழுதினார்கள். எரிச்சலான மனநிலையில், ஏற்கெனவே சீண்டல் கருத்துகள் இருந்த இடத்தில் எழுதியவர்களில் அது 68 விழுக்காடு. அவர்கள் பிறவியிலேயே வம்புக்காரர்கள் அல்லர்; சாதாரண மக்கள். நீங்கள் முதலில் எழுதும் ஒரு கனிவான வரி, பின்னால் வரும் நாற்பது பேரின் சீருடையைத் தீர்மானிக்கக்கூடும்.

இரண்டாவது, குழு விதிகளைக் கண்ணில் படும்படி வையுங்கள். ரெடிட் தளத்தின் அறிவியல் விவாதப் பகுதியில் நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2,000க்கும் மேற்பட்ட உரையாடல்களில் ஒரு சிறு மாற்றம் செய்தார். சில உரையாடல்களின் மேற்பகுதியில் மட்டும் விதிகள் ஒட்டப்பட்டன. அங்கே புதியவர்கள் விதியைப் பின்பற்றும் வாய்ப்பு 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அத்தோடு புதியவர்களின் பங்கேற்பும் கூடியது. 2019இல் வெளிவந்த இந்த முடிவு அட்மின்கள் அனைவருக்கும் உரியது. விதி போட்டால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். விதி இல்லாததால்தான் கூச்சமுள்ளவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கண்ணாடி வையுங்கள். மாறுவேடப் பிள்ளைகளை வைத்து 1979இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இனிப்புக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்தார்கள். பெயர் கேட்கப்பட்ட பிள்ளைகளில், தங்களையே கண்ணாடியில் பார்த்தவர்கள் குறைவாகவே விதியை மீறினார்கள். அனுப்புவதற்கு முன், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொந்தக் குரலில் கேட்கும்போது அது ஒரு கண்ணாடி. என் மூன்றாவது பதிலை மறுநாள் அப்படிப் படித்துப் பார்த்தேன். முடிக்க முடியவில்லை.

நான்காவது, அவசரத்தைக் குறையுங்கள். கோபம் வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஆன்மிகக் கேள்வி எதுவும் அரை நிமிடத்தில் காலாவதியாகிவிடாது.

ஐந்தாவது, கேள்விக்குப் பின்னால் இருப்பவரைத் தேடுங்கள். “விளக்கு ஏற்றலாமா?” என்பது சாத்திரக் கேள்வி போலத் தோன்றும். அதன் உள்ளே இருந்தது, “என் வீடு இருட்டாக இருக்கிறது” என்பதுதான். அறிவியல் ஆசிரியராகிய எனக்கு உயிர்வளி நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அட்மினுக்குத் தனியாக எழுதினேன். அந்த அம்மாவிடம் சேர்ப்பிக்கும்படி ஒரு மன்னிப்புச் செய்தியை, என் உண்மைப் பெயரோடும் பள்ளியில் நான் என்ன பாடம் போதிக்கிறேன் என்ற விவரத்தோடும் அனுப்பினேன். செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அட்மின் சொன்னார். அவர் பதில் எழுதவில்லை, குழுவுக்கும் திரும்பவில்லை. அது அவருடைய உரிமை.

அந்தக் குழுவில் இப்போதும் இருக்கிறேன். புனைபெயரை மாற்றவில்லை. புதியவர் யாராவது கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும்கூட முதலில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: “வாங்க, உங்கள் கேள்வியைப் படித்தேன். தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.” அப்படித் தொடங்கும் கேள்விகளில் சண்டை வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறைவாக வருவது போல எனக்குத் தோன்றுகிறது. அது கட்டுப்படுத்தப்பட்ட சோதனை அல்ல, வெறும் கவனிப்புதான். நீங்களும் உங்கள் குழுவில் செய்து பாருங்கள்.